தொண்டிக் கரையிலிருந்து காரைக்குடி அடுப்படி வரை: சிறு மீன் தொழில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேவகோட்டையில் பதினொரு வருடமாகச் சின்னதாக மீன் கடை வைத்திருக்கிறேன். வாரத்தில் நாலு நாள் விடியற்காலையில் தொண்டிக் கரையில் நிற்பேன். கடைக்கு வருகிறவர்களும், புதிதாகத் தொழில் தொடங்க நினைக்கிற தம்பிகளும், குழுவாகச் சேர்ந்து ஏதாவது செய்யலாமா என்று கேட்கிற பெண்களும், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தராசுக்கு முன்னால் நின்றுகொண்டு நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

செட்டிநாட்டில் கடலே இல்லையே, இங்கே என்ன மீன் தொழில்?

காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் கடல் இல்லைதான். ஆனால் கிழக்கே போனால் தொண்டி, நம்புதாளை, எஸ்.பி.பட்டினம், இன்னும் வடக்கே மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க மீனவ ஊர்கள். தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகத் தொண்டி ஏறக்குறைய ஒரு மணி நேரம். காரைக்குடிக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல்.

நகரத்தார் தங்கள் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்தவர்கள் என்றும், கடல் கொண்ட பிறகு உள்நாட்டுக்கு வந்தவர்கள் என்றும் சொல்வார்கள். அப்புறமும் பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் தாண்டியே வியாபாரம் செய்தார்கள். அவர்கள் வீட்டு அடுப்படியில் நண்டு மசாலாவும் சுறாப்புட்டும் கருவாட்டுக் குழம்பும் இருப்பதில் ஆச்சரியமில்லை. கரையில் பிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், இங்கே சமைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நடுவில் இருக்கிற ஐம்பது அறுபது கிலோமீட்டரில்தான் மீன் கெடுகிறது, மீனவருக்கு விலையும் போகிறது. அந்த இடைவெளியில் ஒழுங்காக வேலை செய்கிறவருக்குத் தொழில் இருக்கிறது. கீழே நான் சொல்கிற எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. படகு வாங்கி விடலாமா?

வேண்டாம். கடலில் பிறந்து வளராதவர் படகில் பணம் போட்டால் அதை யார் ஓட்டுவார், வலை கிழிந்தால் யார் பின்னுவார், எஞ்சின் நின்றால் யார் பார்ப்பார் என்று ஒவ்வொன்றுக்கும் அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டும். பாக் நீரிணை ஆழமில்லாத கடல். அங்கே ஏற்கெனவே படகுகள் அதிகம், எல்லைப் பிரச்சினையும் தீரவில்லை. இன்னொரு படகு போய்ப் பிடிப்பதால் மீன் கூடப்போவதில்லை.

அதே பணத்தில் நல்ல ஐஸ் பெட்டி இரண்டு, முத்திரையிட்ட மின்னணுத் தராசு, கழுவ வசதியான மேடை, ஒரு மாதக் கொள்முதலுக்குக் கைமுதல் வைத்துத் தொடங்குங்கள். பெட்டி கட்டிய இருசக்கர வாகனமே முதல் வருடத்துக்குப் போதும்.

நீங்களே மீனவக் குடும்பம் என்றால் கதை வேறு. படகு இருக்கிறது, தொழில் தெரியும். உங்களுக்கு நான் சொல்வது, வீட்டில் ஒருவர் கரையில் இறங்கிய மீனைக் கொண்டு விற்கிற வேலையை முழுநேரமாக எடுத்துக்கொள்ளட்டும் என்பதுதான். மனைவியோ மகளோ படித்த தம்பியோ, யாராக இருந்தாலும் சரி.

எந்த நாளில் மீன் கிடைக்கும், எந்த மாதத்தில் விற்கும்?

இந்தக் கணக்குத் தெரியாமல் இறங்கியவர்கள்தான் முதல் வருடமே கடையைச் சாத்துகிறார்கள்.

முதலில் வாரக் கணக்கு. இந்தக் கரையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் மற்ற நாட்களும் தொழிலுக்குப் போவது என்பது நெடுநாளைய ஏற்பாடு. விசைப்படகுகள் பெரும்பாலும் திங்கள், புதன், சனி கிளம்பி மறுநாள் கரை திரும்பும். ஞாயிறு காலையில் சரக்கு நிறைய இருப்பதும், நமக்கு வியாபாரம் ஞாயிற்றுக்கிழமைதான் என்பதும் நல்ல பொருத்தம். மற்ற நாட்களில் நாட்டுப்படகு மீன் வரும். அளவு குறைவு, ஆனால் அன்றைக்குப் பிடித்தது. தரம் பார்க்கிற வாடிக்கையாளருக்கு அதைக் கொடுங்கள்.

அப்புறம் ஆண்டுக் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் முட்டையிடுகிற காலம் அது. நாட்டுப்படகுகள் போகலாம், அதனால் கரை முழுக்க வறண்டு போவதில்லை, விலைதான் ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் பாக் நீரிணை கொந்தளிக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் வாரக்கணக்கில் படகு இறங்காது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டைக் கரையில் படகுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது நம் ஊர்க் கணக்கு. புரட்டாசியில் வியாபாரம் பாதிக்கும் கீழே போகும். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வீடு, தை மாதம் பழனிக்கு நடைப்பயணம் போகிறவர்கள் வீடு எல்லாம் மீன் வாங்காது. என் முதல் புரட்டாசியில், கரையில் விலை மலிந்திருக்கிறதே என்று நாற்பது கிலோ எடுத்து வந்து, பாதிக்கு மேல் கருவாடாகப் போட வேண்டியதாயிற்று. அதற்கும் மழை வந்துவிட்டது. இப்போது ஒரு காலண்டரில் கடல் நாட்களை நீலப் பேனாவிலும் விரத நாட்களைச் சிவப்பிலும் குறித்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

ஐஸ் எவ்வளவு போட வேண்டும்? மீன் ஏன் இங்கே வருவதற்குள் கெட்டுப் போகிறது?

ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். நம் வெயிலுக்கு இதில் குறைக்கவே கூடாது. சித்திரை, வைகாசியில் இன்னும் கொஞ்சம் கூட்டியே போடுங்கள்.

அளவு மட்டும் போதாது, போடுகிற விதமும் இருக்கிறது. தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், சித்திரையில் ஒருநாள் திருவாடானை தாண்டி வண்டி நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து சரி செய்ய இரண்டரை மணி நேரம். பெட்டியில் ஐஸ் போட்டிருக்கிறோமே என்று தைரியமாக இருந்தேன். கடைக்கு வந்து மூடியைத் திறந்தால் மேல் வரிசை நகரை மீன் கண் பளபளவென்று இருக்கிறது. கையை உள்ளே விட்டால் அடியில் விரல் முட்டி அளவுக்கு இளஞ்சிவப்பாகத் தண்ணீர். அதில் ஊறிக் கிடந்த பன்னிரண்டு கிலோ மீன் வயிறு வெடித்து, செவுள் வெளுத்து, தொட்டால் பள்ளம் விழுந்தது. ஐஸை எல்லாம் மேலே கொட்டியிருந்தேன், தண்ணீர் வடிய ஓட்டை இல்லாத பெட்டி. தவறு என்னுடையது.

அன்றிலிருந்து முறை இது. பெட்டிக்கு அடியில் வடிகுழாய் வேண்டும். அடியில் நாலு விரல் உயரம் நொறுக்கிய ஐஸ், மேலே ஒரு வரிசை மீன், திரும்ப ஐஸ், திரும்ப மீன், கடைசியில் கனமாக ஐஸ். கட்டியை அப்படியே போட்டால் மீன் நசுங்கும், ஓரங்களில் குளிரும் சேராது. பொடியாக நொறுக்கிப் போட வேண்டும். நல்ல குடிநீரில் செய்த ஐஸா என்று ஐஸ் கம்பெனியில் கேளுங்கள். பெரிய மீனைக் கரையிலேயே குடல் எடுத்துக் கழுவிப் போட்டால் இன்னும் நன்றாக நிற்கும். வயிற்றுக்குள்ளும் ஒரு கை ஐஸ் வையுங்கள்.

ஒரு விஷயத்தைக் குறிப்பாகச் சொல்கிறேன். கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மீன்களை ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் வைத்தால் அதில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து அரிப்பும் தலைவலியும் வரும். அது கொதிக்க வைத்தாலும் போகாது. நாற்றம் வராத மீனிலும் இருக்கலாம். கைவிட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததை ஐஸ் போட்டுத்தான் தடுக்க முடியும்.

விலை எப்படி வைப்பது? எல்லோரும் கரை விலைக்கு மேல் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் வைக்கிறார்களே?

அப்படி வைத்துத்தான் நட்டப்படுகிறார்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம். கரையில் கிலோ 200 ரூபாய்க்கு 20 கிலோ எடுக்கிறீர்கள், 4,000 ரூபாய். ஐஸ் 150, பெட்ரோல் 350, ஏற்றுக்கூலியும் தரகும் 100. மொத்தம் 4,600. முழு மீனாக எடை போட்டு விற்றால் அடக்கவிலை கிலோ 230. நீங்கள் 250-க்கு விற்றால் 400 ரூபாய் நிற்கும், அதுவும் இருபது கிலோவும் விற்றால்.

ஆனால் இப்போது நிறைய வீடுகளில் சுத்தம் செய்த மீனைத்தான் கேட்கிறார்கள். செதில், குடல், தலை போனால் இருபது கிலோ 14 கிலோ ஆகிறது என்று வையுங்கள். 4,600-ஐ 14 ஆல் வகுத்தால் கிலோ 329 ரூபாய் அடக்கம். இதையும் 250-க்கே கொடுத்தால் 1,100 ரூபாய் கையை விட்டுப் போகிறது. அதில் இரண்டு கிலோ விற்காமல் நின்றுவிட்டால் மீதி 12 கிலோ தலையில் ஏறும் அடக்கம் 383. இறாலில் இன்னும் மோசம். தலையும் ஓடும் எடுத்தால் ஏறக்குறைய பாதி எடைதான் மிஞ்சும்.

ஒவ்வொரு மீனையும் ஒருதடவை நீங்களே எடை போட்டு, வெட்டி, திரும்ப எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். சங்கராவுக்கு ஒரு கணக்கு, பாறைக்கு ஒரு கணக்கு, கணவாய்க்கு ஒரு கணக்கு வரும். உங்கள் கூலியையும் செலவில் சேருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தவருக்குக் கூலி கிடையாதா?

கரையில் முன்பணம் கொடுத்தால்தான் மீன் தருவார்கள் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. வலை வாங்கவும் எஞ்சின் பழுது பார்க்கவும் மீனவருக்கு அவசரமாகப் பணம் தேவைப்படும். வியாபாரி கொடுப்பார். அந்தக் கடன் தீரும் வரை மீனை அவருக்கே, அவர் சொல்கிற விலைக்கே போட வேண்டும். கடன் தீராது, ஏனென்றால் அடுத்த வருடமும் வலை கிழியும். மீனவர் எவ்வளவு பிடித்தாலும் மேலே வராததற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது கரையில் நின்று நான் பார்த்தது.

புதிதாக வருகிற நீங்களும் அதே சங்கிலியில் இன்னொரு கண்ணியாகச் சேராதீர்கள். நான் முன்பணம் கொடுப்பதில்லை. அதற்குப் பதில் அன்றைய ஏல விலைக்கு மேல் கிலோவுக்குச் சில ரூபாய் கூட்டி, கையோடு ரொக்கம் கொடுப்பேன். அதற்கு ஈடாக நான் கேட்பது, படகிலேயே ஐஸ் போட்டுக் கொண்டு வர வேண்டும் என்பது. ஆரம்பத்தில் இரண்டு வல்லக்காரர்கள்தான், அதாவது நாட்டுப்படகுக்காரர்கள்தான், சம்மதித்தார்கள். இப்போது ஒன்பது பேர்.

மீனவருக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. கிசான் கடன் அட்டை 2018-19 முதல் மீனவர்களுக்கும் உண்டு. ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால் வட்டிச் சலுகை போக ஆண்டுக்கு 4 சதவீதத்துக்கு வந்துவிடும். இதை வாங்கியவர் கரையில் குறைவு. காகிதம் நிரப்ப உதவி செய்கிற ஆள் இல்லாததுதான் காரணம். உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால், உங்களுக்கு மீன் தருகிறவரோடு ஒருநாள் வங்கிக்குப் போய்வாருங்கள். அதைவிட நல்ல முன்பணம் இல்லை.

நண்டில் நல்ல லாபம் என்கிறார்களே?

உண்டு. நீல நண்டுக்கு இந்தப் பகுதி பேர்போனது. அவித்துச் சதை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனிகள் வாங்குவதால் கரையில் விலை எப்போதும் உயரம். வெளிநாட்டில் ஏதாவது நடந்தால் இங்கே விலை சரியும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரை வரி போட்டபோது இறால் தொழிலே ஆடிப்போனதைப் பார்த்தோம். மீனவருக்கு உள்ளூரிலும் ஒரு வாடிக்கை இருப்பது நல்லது, அது நீங்களாக இருக்கலாம்.

நண்டை எடுக்கும்போது பின்பக்கமாகப் பிடித்துத் திருப்பி, அடிவயிற்று ஓட்டைக் கட்டை விரலால் அழுத்துங்கள். கல் மாதிரி இருந்தால் சதை நிறைந்தது. உள்ளே அமுங்கினால் சமீபத்தில் ஓடு கழற்றியது, அவித்தால் தண்ணீர்தான் இருக்கும். நம் ஊர் ஆச்சிமார் இதைக் கடையிலேயே அழுத்திப் பார்த்துவிடுவார்கள், ஏமாற்ற முடியாது. அடியில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ முட்டை அப்பியிருந்தால் வாங்காதீர்கள். வாங்க ஆள் இல்லை என்றால்தான் கடலில் விடுவார்கள். ஒரு தாய் நண்டில் இருப்பது லட்சக்கணக்கான முட்டைகள்.

கருவாடு போடலாமா?

என் கடையில் மீனைவிடக் கருவாடுதான் நிதானமான வருமானம் தருகிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விற்காமல் மிஞ்சிய மீனைக் கருவாடு போடுவது என்ற பழக்கத்தை முதலில் விடுங்கள். கெடப் போகிற மீனில் நல்ல கருவாடு வராது. நெத்திலி, சூடை, காரல் எல்லாம் கரையில் மலிகிற நாளில், இறங்கிய உடனே எடுத்து, அன்றைக்கே போட வேண்டும். ஏறத்தாழ நாலு கிலோ பச்சை நெத்திலி ஒரு கிலோ கருவாடு தரும். இந்த நாலுக்கு ஒன்று என்ற கணக்கை மனதில் வைத்துத்தான் பச்சை மீனுக்கு விலை பேச வேண்டும்.

மணலில் காய வைக்காதீர்கள். இடுப்பு உயரத்தில் கம்பு நட்டு வலை கட்டி அதன்மேல் பரப்பினால் கீழிருந்தும் காற்றுப் போகும், நாயும் கோழியும் வராது, வாயில் மணல் கடிபடாது. மேலே மெல்லிய கொசுவலை போட்டால் ஈ அண்டாது. பாறை, வாளை மாதிரி பெரிய மீனை முதுகில் கீறி விரித்து, கழுவி, எடையில் நாலில் ஒரு பங்கு கல்லுப்பு தேய்த்து, ஒரு நாள் தொட்டியில் வைத்து, உப்புத் தண்ணீர் வடித்த பிறகு காய வைக்க வேண்டும். நெத்திலிக்கு உப்பே தேவையில்லை. நல்ல வெயிலில் இரண்டு நாளில் காய்ந்துவிடும். காய்ந்ததா என்று பார்க்க ஒன்றை எடுத்து ஒடியுங்கள். டக்கென்று முறிந்தால் கட்டலாம். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னொரு வெயில் வேண்டும். ஈரத்தோடு கட்டினால் பத்தே நாளில் பூஞ்சை பிடிக்கும்.

வண்டு வராமல் இருக்கப் பூச்சி மருந்து தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். அது உணவில் விஷம் கலக்கிற வேலை. நன்றாகக் காய வைத்து, காற்றுப் புகாத பையில் அடைத்து, நிழலில் வைத்தால் வண்டுக்கு வேலையில்லை.

மாசி முதல் ஆவணி வரை போட்டு வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் விற்க வேண்டும். வாடையில் படகு இறங்காமல் மீன் இல்லாத நாட்களில் ஊர் முழுக்கக் கருவாட்டுக் குழம்புதான். சூரிய வெப்ப உலர்த்தி வாங்க மானியம் கிடைக்கிறதா என்று மீன்வளத் துறையில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் மழை நாளிலும் தொழில் நிற்காது. உலர்த்தி, பதப்படுத்தல் பற்றிய பயிற்சிக்குக் கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனமும் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகமும் பேர் பெற்றவை.

தடைக்காலத்தில் கடையைச் சாத்த வேண்டியதுதானா?

இல்லை. இங்கேதான் செட்டிநாட்டுக்காரருக்குக் கடற்கரைக்காரரைவிட ஒரு வசதி இருக்கிறது. பங்குனி முதல் வைகாசி வரை நம் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் வற்றும். ஊரே ஊத்தா, கச்சா என்கிற மீன்பிடிக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு மீன்பிடித் திருவிழாவுக்கு இறங்குகிற காலம். கடலில் படகு நிற்கிற அதே இரண்டு மாதம் கண்மாயில் கெண்டையும் விராலும் கெளுத்தியும் வருகிறது.

ஊராட்சியோ நீர்வளத் துறையோ விடுகிற மீன்பாசி குத்தகையை, அதாவது கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கிற உரிமையை, தனியாக எடுக்கப் பணம் போதாவிட்டால் குழுவாக எடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்ததும் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை விட்டால் ஐந்தாறு மாதத்தில் அறுவடை. தண்ணீர் நிற்கிற காலம் குறைவு என்பதால் பொடிக் குஞ்சு விடாமல் விரல் நீளத்துக்கு வளர்ந்ததை வாங்கி விடுங்கள். ஊரில் திருவிழாவாகப் பிடிக்கிற கண்மாய் என்றால் குத்தகைக்கு முன்னாலேயே ஊர்ப் பெரியவர்களிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த உரிமையில் யாரும் கைவைக்கக் கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்ட மீன். வேகமாக வளர்கிறது என்று யாராவது குஞ்சு கொண்டு வந்தால் வாங்காதீர்கள், உள்ளூர் மீனையெல்லாம் தின்று தீர்த்துவிடும்.

கானாடுகாத்தான், காரைக்குடி பாரம்பரிய விடுதிகளுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். அவர்கள் ஒரே அளவு மீன், சொன்ன நேரம், பில் மூன்றையும் கேட்பார்கள், பணம் பதினைந்து நாள் ஒரு மாதம் கழித்து வரும். அத்தனை நாள் தாங்கக் கைமுதல் இருந்தால் மட்டும் போங்கள். மொத்த வியாபாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே விடுதியை நம்பக் கூடாது.

வாட்ஸ்அப்பில் விற்க முடியுமா?

என் வியாபாரத்தில் பாதி அதில்தான் நடக்கிறது. கரையில் மீன் இறங்கியதும் படம் எடுத்து, மீன் பெயர், முழு எடை விலை, சுத்தம் செய்த விலை இரண்டையும் போட்டுவிடுவேன். ஆறரை மணிக்குள் யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். அதற்கு ஏற்ற அளவுதான் எடுப்பேன், மிச்சம் நிற்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. அன்றைய மீனைத்தான் படம் போட வேண்டும். ஒருநாள் பழைய படம் போட்டால் போதும், அந்தக் குழுவில் நம் பேச்சுக்கு மதிப்பு இருக்காது.

அரசு உதவி என்னென்ன இருக்கிறது?

2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத யோஜனாவில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம். ஐஸ் பெட்டியோடு இருசக்கர வாகனம், மூன்று சக்கர வாகனம், மீன் விற்பனைக் கடை, மீன் குளம் எல்லாம் இதில் வரும். மூன்று சக்கர வாகனத்துக்கு 3 லட்சம் என்று அலகுத் தொகை, அதாவது மானியக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிற விலை, வைத்திருந்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு மானியம் 1.80 லட்சம். பொதுவாக முதலில் நீங்கள் செலவு செய்து, பில் காட்டிய பிறகுதான் மானியம் வரும். இதைத் தெரியாமல் வட்டிக்கு வாங்கிச் செலவு செய்து தவித்தவர்கள் உண்டு. இந்த ஆண்டுக்கு நிதி இருக்கிறதா, விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள்.

மீனவக் குடும்பங்களுக்குத் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் அவர்கள் கட்டுகிற 1,500-க்கு மத்திய, மாநில அரசுகள் தலா 1,500 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தருகின்றன. விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கு 5 லட்சம். இவற்றுக்கெல்லாம் கூட்டுறவுச் சங்க உறுப்பினராகவோ நல வாரியத்திலோ பெயர் இருக்க வேண்டும், முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

உரிமம் எடுக்க வேண்டுமா?

கடலில் பிடிக்கிற மீனவருக்கு அவருடைய தொழில் அளவில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் விலக்குத் தருகிறது. வாங்கி விற்கிறவருக்கு விலக்கு இல்லை, பதிவு வேண்டும், சிறிய கடைக்கான கட்டணம் அதிகமில்லை. தராசுக்கு முத்திரை, கருவாட்டுப் பொட்டலத்துக்கு எடை, தேதி, விலை, முகவரி அச்சிட்ட சீட்டு, உத்யம் என்கிற சிறு தொழில் பதிவு ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதற்குக் கட்டணமே கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

பெண்கள் குழுவாகச் செய்ய ஏற்ற வேலை எது?

கருவாடு, சுத்தம் செய்த மீன், இறால் ஊறுகாய், நெத்திலிப் பொடி. இந்த நான்கில் ஒன்றை மட்டும் எடுத்து ஒரு வருடம் செய்யுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு குழு ஏழு பொருளைத் தொடங்கி ஒன்றையும் நிலைநிறுத்த முடியாமல் போனது. திறமைக்குக் குறைவில்லை, கவனம்தான் சிதறியது. ஊறுகாய்க்கு மசாலா அரைப்பதில் நம் ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எவ்வளவு நாள் கெடாமல் நிற்கும் என்பதை மட்டும் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிட்டுத் தேதி போடுங்கள்.

கடலோரப் பெண்கள் என்றால் பாசி வளர்ப்பும் உண்டு. மூங்கில் மிதவையில் விதைப்பாசி கட்டி 45 நாளில் அறுவடை. திருவாடானை வட்டம் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். வாடைக்காலத்தில் மிதவை தாங்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எதையெல்லாம் தொடவே கூடாது?

கடல் அட்டை, கடல் குதிரை. இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001 முதல் பாதுகாக்கப்பட்டவை. இந்தக் கரையில் ரகசியமாக யாராவது கொண்டு வந்து நீட்டினால் நகர்ந்துவிடுங்கள், சிறைக்குப் போக வேண்டி வரும். சுறாவிலும் சில இனங்கள் தடைப் பட்டியலில் இருக்கின்றன. சுறாப்புட்டுக்குப் பால் சுறா என்று தெரிந்து வாங்குங்கள், தெரியாத சுறாவை எடுக்காதீர்கள்.

அடுத்தது பார்மலின், மீன் கெடாதது போலக் காட்டத் தடவுகிற ரசாயனம். அதைத் தடவின மீனில் ஈ உட்காராது, செவுள் விறைத்து நிற்கும், மீன் வாசனையே இருக்காது. அப்படி ஒரு பெட்டி மலிவாக வந்தால் அதை நம் பிள்ளைக்குக் கொடுப்போமா என்று பார்த்தால் போதும்.

கடற்பசுவுக்காக 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே அதுதான் முதலாவது. கடற்பசு மேய்கிற கடல்புல்லில்தான் நம் நண்டும் இறாலும் ஓரா மீனும் குஞ்சாக வளர்கின்றன. புல்லை வாரிக்கொண்டு வருகிற வலையில் வந்த பொடி மீனை, கிலோ எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் எடுப்பதில்லை. அடுத்த வருடம் அது கிலோ கணக்கில் வர வேண்டிய மீன்.

முதல்முறை கரைக்குப் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

நாலரை மணிக்கே போய்விடுங்கள். டார்ச், சின்ன நோட்டு, பேனா, ரப்பர் செருப்பு, சில்லறை இருந்தால் போதும். பெட்டியைக் கொண்டு போகாதீர்கள், கொண்டு போனால் வாங்கத் தோன்றும். மூன்று நாள் சும்மா நின்று பாருங்கள். எந்தப் படகில் ஐஸ் இருக்கிறது, யார் செவுளைத் தூக்கிப் பார்த்து ஏலம் கேட்கிறார்கள், ஐந்து மணிக்கு என்ன விலை, ஆறரைக்கு என்ன விலை என்று எழுதுங்கள். கூடையோடு உட்கார்ந்திருக்கிற வயதான அம்மாக்களிடம் மரியாதையாகப் பேச்சுக் கொடுங்கள். எந்த மீன் எந்தக் காற்றுக்கு வரும், கச்சான் காற்று வீசினால் எது குறையும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எனக்கு இன்னும் தெரியாது. நாலாவது நாள் பெட்டியோடு போய்ப் பத்துக் கிலோ எடுங்கள், பத்துக் கிலோ ஐஸும் எடுங்கள்.